ஏழுமலை சொன்னதை நான் எழுதாத காலை

ஊரப்பாக்கத்தில் ரயில் தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போன மாதம் நந்தினி வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற வருடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர். இப்போது, நான் இருபது வருடம் வேலை பார்த்த கடல்நீர் பம்ப் ஹவுஸுக்கு அவர்தான் பொறுப்பு. கடலுக்குள் கேமரா வைக்கப் போகிறார்களாம். சொறி கூட்டமாக வந்தால் முன்கூட்டியே கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். சொறி என்பது ஜெல்லி மீன். எங்கள் பக்கத்து மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"கேமரா இல்லாத காலத்துல எப்படி சார் தெரிஞ்சுக்கிட்டீங்க? எழுதிக் கொடுங்களேன்" என்றார் நந்தினி.

அணுமின் நிலையத்தில் இருந்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் சுனாமியைப் பற்றிக் கேட்பார்கள். அன்று நான் தங்கை வீட்டுக்கு நாமக்கல் போயிருந்தேன். அதை அங்கே இருந்தவர்கள் எழுதட்டும். என்னிடம் இருப்பது வேறு ஒரு நாள். அதில் எனக்குப் பெருமை எதுவும் கிடையாது. ஆனாலும் நந்தினி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நாளில்தான் இருக்கிறது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் மூன்று வருடம் கை கருத்த பிறகு இந்த வேலை கிடைத்தது. ஒரு வருடம் பயிற்சி. வகுப்பில் யுரேனியம், கனநீர், கதிர்வீச்சு என்று என்னென்னவோ சொன்னார்கள். எழுதி எழுதித் தேர்வானேன். கடைசியில் உலைக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனைக் கடல் பக்கம் அனுப்பினார்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அணுமின் நிலையத்தில் தண்ணீர் இறைக்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சம் போக ஒரு மாதம் ஆனது. உலையில் உண்டாகும் சூடு தண்ணீரை ஆவியாக்குகிறது, ஆவி டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. இது எல்லோருக்கும் தெரியும். சுற்றி முடித்த ஆவியை என்ன செய்வது? அதைத் திரும்பக் குளிர்த்துத் தண்ணீராக்கி மறுபடி கொதிக்க அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும். குழாய்களுக்கு வெளியே ஆவி பட்டுத் தண்ணீராகச் சொட்டும். இந்தக் கடல்நீர் உலைக்குள் போவதே இல்லை. தன் வேலையை முடித்துக்கொண்டு வாய்க்கால் வழியாக வெதுவெதுப்பாகக் கடலுக்கே திரும்பிவிடும். ஆனால் அது நின்றால் டர்பைன் நிற்கும். டர்பைன் நின்றால் உலையின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை.

கரையிலிருந்து கடலுக்குள் அரை கிலோமீட்டருக்கு ஒரு பாலம். அதன் நுனியில் பெரிய கிணறு. அதில் இறங்கும் கடல்நீர் கடலடிச் சுரங்கம் வழியாக எங்களிடம் வரும். பம்புகளுக்கு முன்னால் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் சுழலும் சல்லடைகள். மீன், பாசி, கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு, எது வந்தாலும் சல்லடையில் தங்கிவிடும். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே என் மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிந்து உலகம் மங்கிவிட்டது. அந்த உப்பையும், ஆறேகால் மணி டவுன்ஷிப் பஸ்ஸையும், பஸ் ஜன்னலில் தெரியும் சவுக்குத் தோப்பையும், கேன்டீன் பொங்கலின் மிளகு வாசத்தையும் இன்றைக்கும் தேடுகிறேன். வானம் தெளிந்த நாளில் பாலத்தின் நுனியில் நின்றால் வடக்கே மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் சுண்டுவிரல் அளவு தெரியும்.

எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பு வேதநாயகம் சார். நாகர்கோவில்காரர். கன்ட்ரோல் ரூமில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. போனில் ஒரு உத்தரவு கொடுத்தால் நாம் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "இரண்டாம் பம்பை நிறுத்துங்க" என்றால் "இரண்டாம் பம்பை நிறுத்துகிறேன்" என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் கை சுவிட்சுக்குப் போக வேண்டும். ஷிப்டு லாக் புத்தகத்தைப் பேனாவால்தான் எழுதுவார். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்டளை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மூன்றாம் பம்பின் பேரிங் சூடாக இருப்பதாக எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே போனில் சொன்னேன்.

"தொட்டுப் பார்த்தீங்களா, கந்தசாமி?"

"இல்ல சார். எலக்ட்ரீஷியன் சொன்னார்."

"அப்போ அவர் எனக்கு போன் பண்ணட்டும். நீங்க பார்த்ததை மட்டும் நீங்க சொல்லுங்க."

போய்த் தொட்டுப் பார்த்தேன். வழக்கமான சூடுதான். அன்று வெட்கப்பட்டது மாதிரி பிறகு நான் வெட்கப்பட்டதில்லை. அதிலிருந்து என் கண் பார்க்காத எதையும் நான் போனில் சொன்னதில்லை. பத்து வருடம் அப்படியே ஓடியது. நல்ல ஆபரேட்டர் என்று பெயரும் வாங்கினேன்.

சல்லடைகளைச் சுத்தம் செய்யக் கான்ட்ராக்டர் மூலம் ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஏழுமலை பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவு. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்பட்டை இறங்கியதும் வலை இழுக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தார். சல்லடையில் வந்து விழும் மீனைப் பார்த்தே காற்று மாறியதையும் நீரோட்டம் மாறியதையும் சொல்வார். நான் தலையாட்டுவேன். சுவாரசியமாக இருக்கும். ஆனால் லாக் புத்தகத்தில் அதற்கு இடம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். காலை ஷிப்டு. எட்டே முக்கால் வாக்கில் ஏழுமலை வந்தார். நாஸ்தா பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

"அண்ணாத்த, என் மச்சான் கடப்பாக்கத்துல இருந்து காலைல வந்தான். நேத்து அங்க வலை பூரா சொறியாம். மீனே இல்ல, அம்மாம் சொறி. தண்ணி தெக்கால இருந்து இழுத்துகினு கீது. இன்னிக்கு இங்க வந்துரும்."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பாக்கறது? மச்சான் சொன்னான். உள்ள போன் போட்டுச் சொல்லிடு அண்ணாத்த."

ஒன்றிரண்டு சொறி எப்போதும் வரும். கூட்டமாக வந்து சல்லடையை அடைத்த கதைகளும் கேட்டிருக்கிறேன். போனைப் பார்த்தேன். 'தொட்டுப் பார்த்தீங்களா' என்ற குரல் காதில் கேட்டது. ஏழுமலையின் மச்சான் சொன்னதை ஏழுமலை சொல்லி, அதை நான் சொல்வதா? எழுந்து பாலத்தின் நுனிவரை நடந்தேன். கம்பியில் சாய்ந்து நான்கு பக்கமும் பார்த்தேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்து ஏழுமலையிடம் சொன்னேன்.

"மேல தெரியாது அண்ணாத்த. வெயில் ஏறிச்சின்னா அது கீழ எறங்கிடும். உன் கெணறு கீழதான தண்ணி இழுக்குது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் புரியவும் புரிந்தது. இருந்தும், "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றேன். லாக் புத்தகத்தில், 'ஒன்பது மணி. கடல் அமைதி. பம்புகள் இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு முதல் சல்லடையில் பத்துப் பதினைந்து விழுந்தன. தட்டு அகலம், வெளிர் ஊதா, கண்ணாடி மாதிரி. நான் போனை எடுப்பதற்குள் சல்லடை முழுவதும் அப்பிக்கொண்டன. சல்லடைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறி, இந்தப் பக்கம் இறங்கியது. பம்புகளின் சத்தம் மாறியது. போனை எடுத்தேன்.

"சார், சொறி கூட்டமா வந்திருக்கு. முதல் சல்லடை அடைச்சிருச்சு. ரெண்டாவதும் அடைக்குது. பம்புப் பக்கம் தண்ணி மட்டம் இறங்குது. நான் பார்த்துச் சொல்றேன்."

"சொறி கூட்டம். ரெண்டு சல்லடை. மட்டம் இறங்குது." அன்று அவர் திருப்பிச் சொன்னார். "மட்டத்தை மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க."

சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கே அவர் உலையின் சக்தியைக் குறைக்கத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரி உலையை லாரி எஞ்சின் போல நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது கிளப்ப முடியாது. யுரேனியம் பிளக்கும்போது உண்டாகிற கழிவுகளில் ஒன்று செனான் என்கிற வாயுவாக மாறும். எரிபொருளைப் பிளக்க வேண்டிய நியூட்ரான்களை அது விழுங்கிவிடும். உலை ஓடிக்கொண்டிருக்கும்வரை செனான் சேரச் சேர அழிந்தும் போகும். உலை நின்றால் அழிவது குறைந்து சேர்வது மட்டும் நடக்கும். அரை மணி நேரத்துக்குள் திரும்பக் கிளப்பாவிட்டால் ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டியதுதான். எந்தப் பெரிய இன்ஜினியர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நேரம் இருந்தால் மெதுவாகக் கீழே இறங்கி, நிற்காமல், குறைந்த சக்தியில் தாக்குப்பிடிப்பார்கள். நேரம் வேண்டும். நான் அதைத்தான் தின்றிருந்தேன்.

பத்தே கால் ஆவதற்குள் மட்டம் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பெரிய பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டர்பைன் நின்றது. உலையை நிறுத்தினார்கள்.

உலை நின்றுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நின்ற பிறகும் எரிபொருளுக்குள் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். அதைக் கொண்டுபோகத் தனியாகச் சிறிய பம்புகள் உண்டு. அவையும் கடல்நீரைத்தான் இறைக்கின்றன. அவை போனாலும் மாற்று ஏற்பாடு உண்டு, அதற்கும் மேல் இன்னொன்று உண்டு. ஆனால் அந்த மாற்றைத் தொடுகிற நிலைக்கு விடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

சிறிய பம்புகளுக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்பிலும் சொறி சேரத் தொடங்கியது. அதை வாரும் இயந்திரம் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் மெக்கானிக்குக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது, ஏழுமலை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்குவதைப் பார்த்தேன்.

"ஏழுமலை, வேண்டாம்! கையுறை, கண்ணாடி எதுவும் போடலையே!"

"நீ கயித்தப் புடி அண்ணாத்த. மிச்சம் அப்பறம் பேசிக்கலாம்."

தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்று, நீளக் கழியால் கம்பிகளைச் சுரண்டினார். மற்றவர்கள் மேலிருந்து கூடைகளைத் தூக்கினார்கள். சொறி உடைந்து துண்டுதுண்டாக அவர் கையிலும் கழுத்திலும் முகத்திலும் தெறித்தது. அதன் துண்டுகூடக் கொட்டும். அவர் கத்தவில்லை, கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே சுரண்டினார். முக்கால் மணி நேரம். அந்தத் தடுப்பு அடைபடவே இல்லை. மெக்கானிக் வந்து இயந்திரத்தை ஓட்டிய பிறகுதான் ஏழுமலை மேலே ஏறினார். முகம் வீங்கி இரண்டு கண்களும் மூடிவிட்டன. என் கையைத் தடவிப் பிடித்து, "எந்தப் பக்கம் அண்ணாத்த வாசப்படி?" என்று கேட்டார்.

கான்ட்ராக்ட் ஆளை டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியாது என்று வாசலிலேயே சொன்னார்கள். வேதநாயகம் சார் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு போன் செய்தார். என்ன சொன்னார் என்று தெரியாது, கட்டில் கிடைத்தது.

மறுநாள் காலை சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் லாக் புத்தகம் திறந்திருந்தது, நான் எழுதிய பக்கம்.

"முதல் சொறியை எப்போ பார்த்தீங்க?"

"ஒன்பதே முக்காலுக்கு சார்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டதற்குப் பதில் அதுதான். ராத்திரி முழுவதும் அதையே ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் ஏழுமலை தடவிப் பிடித்த இடம் கையில் இன்னும் இருந்தது.

"எட்டே முக்காலுக்கே ஏழுமலை சொன்னார் சார். அவர் மச்சான் கடப்பாக்கத்துல பார்த்திருக்கார். நான் பாலத்துல போய்ப் பார்த்தேன். தெரியலை. அதனால சொல்லலை. ஒரு மணி நேரம் என்னாலதான் போச்சு."

அவர் எழுந்து சுவரில் இருந்த கடற்கரை வரைபடத்தில் கடப்பாக்கத்திலிருந்து எங்கள் பாலம்வரை விரலால் அளந்தார். நீரோட்டத்தின் வேகத்தை ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். "சரியா ஒரு நாள்" என்றார்.

"நீங்க செஞ்சது தப்புதான், கந்தசாமி. ஆனா அந்தத் தப்பை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். வாங்க, அவரைப் பார்க்கணும்."

ஏழுமலைக்குக் கண் கட்டியிருந்தது. அவர் மனைவி கஸ்தூரி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழுமலை, நான் வேதநாயகம். உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வாணாம் சார். ஒண்ணு கேக்கலாமா? எட்டு வருசமா வர்றேன். உள்ள இன்னா கீதுன்னு யாரும் சொன்னதில்ல. குண்டு செய்றாங்கன்னு வூட்ல சொல்லுது. மெய்யா?"

கஸ்தூரி அவர் காலைக் கிள்ளினார். சார் சிரிக்கவில்லை. ஏழுமலையின் உள்ளங்கையை விரித்து, அதில் ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்றை வைத்தார்.

"இதைவிடக் கொஞ்சம் பெரிசா, கட்டை விரல் நுனி அளவுக்கு ஒரு வில்லை. யுரேனியம். தானா அது சுடாது. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அணு. அதுல ஒண்ணு உடையும்போது சூடு வரும். கூடவே ரெண்டு மூணு துணுக்கு தெறிக்கும். அந்தத் துணுக்கு பக்கத்துல போய் இன்னொண்ணை உடைக்கும். இப்படியே தொடரும். நெருப்பு கிடையாது, புகை கிடையாது. சூடு மட்டும்."

"ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சுன்னா? வெடிச்சுக்காதா?"

"நல்ல கேள்வி. குண்டுல அப்படிப் பெருக விடுவாங்க. இங்க விடமாட்டோம். ஒண்ணு உடைஞ்சா அடுத்து ஒண்ணே ஒண்ணுதான் உடையணும். மிச்சத் துணுக்கை விழுங்கிடுற கம்பி வச்சிருக்கோம். இந்த வில்லையைக் குண்டு மாதிரி வெடிக்க வைக்கவும் முடியாது. எங்களுக்குப் பயம் அந்தச் சூடு மேலதான். நிறுத்தின பிறகும் அது கொஞ்சம் வந்துகிட்டே இருக்கும்."

"தணல் மாதிரி."

"தணல் மாதிரி. ஆனா இதுல தண்ணி ஊத்தி அணைக்க முடியாது. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். நேத்து அது ஓடினதுக்கு நீங்க இறங்கினது ஒரு காரணம்."

ஏழுமலை அந்த மாத்திரையை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். "இந்த மாதிரி உல வேற எதுக்கு சார்?" என்றார். மின்சாரத்துக்கு மட்டுமில்லை, புற்றுநோய்க்கு வைத்தியம் செய்கிற கோபால்ட்டும் உலையில்தான் உண்டாகிறது என்று சார் சொன்னார். அப்போது கஸ்தூரி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இவ்ளோ கரண்டு செய்றீங்களே சார், எங்க தெருவுல சாயங்காலமானா குண்டு பல்பு மினுக் மினுக்குனுதான் எரியுது. பசங்க எப்டிப் படிக்கும்?"

சார் கஸ்தூரி பக்கம் திரும்பினார். "நாங்க செய்யறது பெரிய லைன்ல எங்கேயோ போயிடுதும்மா. உங்க தெருவுக்கு வர்றது மின்வாரியம் கையில இருக்கு. இது சரியில்லைதான்" என்றார். மின்வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். டிரான்ஸ்ஃபார்மர் வர இரண்டு வருடம் ஆனது. கஸ்தூரியின் மூத்த மகள் அதற்குள் பத்தாவது முடித்துவிட்டாள்.

ஏழுமலைக்கு வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் மட்டும் ஒரு மங்கல் தங்கிவிட்டது. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு முறை மன்னிப்புக் கேட்டேன். "போ அண்ணாத்த, பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாக் புத்தகத்தில் சார் புதிதாக ஒரு கட்டம் போட்டார்: 'கடல் நிலவரம் – சொன்னவர் பெயர்.' பார்த்தது ஒரு வரி, கேட்டது ஒரு வரி; இரண்டையும் கலக்காமல் எழுத வேண்டும். தினமும் காலையில் ஏழுமலை குப்பத்தில் விசாரித்துக்கொண்டு வருவார். நான் எழுதுவேன். அந்த வருடம் ஒரு முறை, அடுத்த வருடம் ஒரு முறை சொறி கூட்டமாக வந்தது. இரண்டு முறையும் முன்னாலேயே தெரிந்து மெதுவாக இறங்கினோம், உலை நிற்கவில்லை.

அதற்கு அடுத்த மார்ச்சில் ஏழுமலை மறுபடி சொன்னார். தெற்கே நிறைய கிடக்கிறது, மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று. எழுதினேன், போனில் சொன்னேன். உலையின் சக்தியைக் குறைத்தார்கள், ஆட்களைக் கூட்டினார்கள், கூடைகள் வரிசையாக நின்றன. மத்தியானம் ஆனது, சாயங்காலம் ஆனது. ஒரு சொறிகூட வரவில்லை. காற்று திரும்பி எல்லாவற்றையும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. எத்தனையோ மணி நேர மின்சாரம் வீண். மேலிடத்திலிருந்து சாருக்கு போன்மேல் போன் வந்தது. 'மீன்காரன் பேச்சைக் கேட்டு உலையை இறக்குவீரா' என்று யாரோ கேட்டதாகக் கன்ட்ரோல் ரூமில் பேசிக்கொண்டார்கள். சார் பேனாவை எடுத்து, 'எச்சரிக்கை கிடைத்தது. நடவடிக்கை எடுக்கப்பட்டது. சொறி வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம், "நாளைக்கும் கேட்டு எழுதுங்க" என்றார்.

மறுநாள் ஏழுமலை வேலைக்கு வரவில்லை. ஷிப்டு முடிந்து குப்பத்துக்குப் போனேன். கரையில் கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம்மூஞ்சில முழிக்காத அண்ணாத்த. என் பேச்சைக் கேட்டு அந்த சார் பேச்சு வாங்கிட்டாராமே. இனிமே என்னைக் கேக்காதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

"சார்தான் கேட்டுக்கிட்டு வரச் சொன்னார், ஏழுமலை. நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?"

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து தண்ணீர் காலில் படும்வரை நடந்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் தெற்கே வெகுநேரம் பார்த்தார். குனிந்து ஈர மணலை அள்ளி விரல்களுக்கு நடுவில் தேய்த்தார்.

"சரியாத் தெரில அண்ணாத்த" என்றார். "தெரிலன்னே எழுதிக்கோ. எம்பேரைப் போட்டு எழுதிக்கோ."